தணல் சட்டிக்குள் போன மஞ்சு

அன்று அந்தக் கிழங்குக் காட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர்: காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த பஞ்சவர்ணம், அவள் புருஷன் மொக்கைச்சாமி, பக்கத்துக் காட்டு வீரசின்னம்மாள், வீரசின்னம்மாளின் மருமகள்கள் இரண்டு பேர், மேட்டுக்காட்டுச் சென்றாயன், சென்றாயனின் மனைவி, கோயில் பூசாரி, பூண்டு வாங்க வந்த இடத்தில் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு இரண்டு கிழங்கைக் கடன் வாங்கி உட்கார்ந்துகொண்ட லாட்ஜுக்காரர் தனிஸ்லாஸ். ஒரு நாயும் இருந்தது. அது கிழங்கு கொண்டுவரவில்லை என்பதால் கணக்கில் சேராது.

கொடைக்கானலுக்கு மேற்கே பஸ் திரும்புகிற கடைசி ஊர் கூனிப்பாறை. அங்கே உருளைக்கிழங்குச் செடிக்கு இரண்டாம் முறை மண் அணைக்கிற நாளில் யாரும் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. இன்றைக்கு என் காட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வருகிறேன் என்பதுதான் வழக்கம். வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பழைய கிழங்கைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தங்கள் கையாலேயே சட்டியில் போடவேண்டும், காட்டுக்காரி மூடவேண்டும், மூடிய கைதான் திறக்கவேண்டும், வேகாமல் திறக்கக் கூடாது, திறக்கும்போது கிழங்கு போட்ட அத்தனை பேரும் சுற்றி இருக்கவேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மீறிப் பார்த்தவர்களும் இல்லை.

ஊருக்கு ஒரே சட்டிதான். எப்போதோ இடித்த ஒரு பழைய பங்களாவின் சமையற்கட்டிலிருந்து வந்தது. வார்ப்பிரும்பு, மூன்று குட்டைக் கால்கள், இரண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்குகிற கனம், தட்டையான மூடி, மூடியைச் சுற்றிலும் விரல்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு. அந்த வரப்பு எதற்கென்றால் மூடியின் மேல் கொட்டுகிற தணல் கீழே சரியாமல் இருக்க. சட்டிக்குக் கீழே கொஞ்சம் தணல், மேலே அதைவிடக் கூடுதலாகத் தணல், கீழே கூடினால் அடிப்பிடிக்கும், மேலே குறைந்தால் நடுக்கிழங்கு வேகாது. அதனால் அதற்குத் தணல் சட்டி என்று பெயர்.

பஞ்சவர்ணம் அதிகம் பேசமாட்டாள். எதையும் எண்ணாமல் விடவும் மாட்டாள். முதலில் ஆட்டுக் கொழுப்பை உருக்கினாள், உப்புக்கண்டத்தைப் பிய்த்துப் போட்டாள், உரித்த சின்ன வெங்காயத்தையும் உரிக்காத மலைப்பூண்டையும் போட்டாள், ஊறவைத்த மொச்சையைப் பரப்பினாள், இடித்த மிளகைத் தூவினாள். பிறகு ஒவ்வொருவரும் வந்து தோலோடு தங்கள் கிழங்கைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மூடுவதற்கு முன் அவள் கரண்டிக் காம்பால் தொட்டுத் தொட்டுக் கிழங்கை எண்ணினாள். வேண்டாத வேலைதான். ஆனால் அந்தக் காட்டில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் செடி கருகல் நோயில் போயிருந்தது, இந்த முறை பார்களில் பாதியாவது அறுவடை வரை நின்றால்தான் குத்தகை தொடரும் என்று காட்டின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார், இல்லையென்றால் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே நூல் மில்லுக்குப் போகவேண்டியதுதான். மண் அணைத்து வரப்புபோல் நீள நீளமாக உயர்த்திய பார்கள் அவள் காட்டில் இருபத்திரண்டு, அதில் பாதி பதினொன்று. அவற்றை அவள் காலையிலும் மாலையிலும் எண்ணினாள். அந்தப் பழக்கம் கைக்கும் வந்துவிட்டது.

இருபத்தொன்பதாவது கிழங்கில் இருக்கும்போது வீரசின்னம்மாள் பாரிலிருந்து நிமிர்ந்து, "ஏடி பஞ்சவர்ணம், கெழங்கை எண்ணுறியா, ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்கிறியா?" என்றாள். மருமகள்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "கடைசிக் கெழங்குக்கு எங்க மாமியா பேரை வையுங்க சின்னம்மா, அதுதான் சீக்கிரம் வேகாது" என்று இளையவள் சொல்ல, மொக்கைச்சாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எண்ணிக்கை தப்பிவிட்டது. பஞ்சவர்ணம் முகம் சிவந்து, மூடியைத் தள்ளிவைத்துவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் மலை மூடுபனியான மஞ்சு இறங்கியது. அது தினமும் இறங்குகிற நேரம். தினமும் வருகிற மேற்குக் கணவாய் வழியாகவே வந்தது, சோலைக் காட்டைத் தாண்டியது, மேட்டுக்காட்டை மூடியது, பார் மேல் பாராக ஏறி இறங்கி அடுப்பங்கரைக்கு வந்தது, வந்து ஒரு வளைவு வளைந்து சட்டிக்குள் போனது. வால் உள்ளே போகச் சற்று நேரம் பிடித்தது. பஞ்சவர்ணம் "நாப்பத்தொண்ணு" என்று சொல்லி மூடியைப் போட்டுத் தணலை அள்ளி மேலே கொட்டினாள். மலை முழுவதும் வெயில் அடித்தது. மொக்கைச்சாமி குரங்குக் குல்லாவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன இது, பங்குனி மாசம் மாதிரி" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பார் முடிந்ததும் எல்லோரும் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பஞ்சவர்ணம் மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள். ஈர மண் வாசமும் பாசி வாசமும்தான் வந்தது. "வேகலை" என்றாள். தணலை மாற்றினார்கள். பொழுது சாயும்போது மறுபடியும் பார்த்துவிட்டு "வேகலை" என்றாள். கொண்டுவந்திருந்த பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மறுநாளும் அவள் மூக்கை வைத்துப் பார்த்து அதையே சொன்னாள். அது நிஜம். மூன்றாம் நாள் முதல் மூக்கை வைத்துப் பார்க்காமலேயே சொன்னாள். மஞ்சு இல்லாவிட்டால் இலையில் ஈரம் தங்காது, ஈரம் தங்காவிட்டால் கருகல் வராது. இது கூனிப்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மஞ்சு சட்டிக்குள் போய்விட்டது என்பதும் இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. "மஞ்சைக் காணோமே" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், "பஞ்சவர்ணத்துச் சட்டியில இருக்கு" என்று பக்கத்து சீட்டிலிருந்து பதில் வந்தது, கேட்டவர் தலையாட்டிவிட்டு டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டி அடுப்பிலேயே இருந்தது. தணல் அவிந்து சாம்பலான பிறகும் அது சூடு ஆறவில்லை, உள்ளே யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆடுகள் அதைச் சுற்றிப் படுத்தன. பூண்டு காயவைக்கிறவர்கள் அதன் பக்கத்தில் பாயை விரித்தார்கள். வீரசின்னம்மாள் மூட்டு வலிக்கு முதுகைச் சட்டிக்குக் கொடுத்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். கறுத்த இரும்பின் மேல் ஈரத் துணியைப் போட்டால் பூப்போலக் காய்ந்தது.

ஊர் இதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக ஹாரன் அடித்துக்கொண்டே மஞ்சுக்குள் பஸ் ஓட்டிய டிரைவர், ஆறாவது வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்தை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார், பஸ்ஸை ஓரமாக நிறுத்தி இறங்கி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், அடுத்த நாள் லீவு போட்டார். சென்றாயனின் மனைவிக்குக் கீழே சமவெளியில் தன் பிறந்த ஊரின் கண்மாய் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் தினமும் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அந்தத் திசையில் கையை ஆட்டினாள். கோயிலில் சாமிக்கு வஸ்திரம் மாற்றுகிற நேரத்தில் மஞ்சே திரைபோல வந்து நிற்பது வழக்கம். இப்போது பூசாரி தன் வேட்டியில் ஒன்றைக் கயிற்றில் கட்டி மறைத்தார், சாமிக்கே வேட்டி கொடுத்த மனுஷன் என்று கேலிக்கு ஆளானார். காதலிக்கிறவர்களுக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போனது, அதனால் மார்கழி என்றும் பார்க்காமல் இரண்டு நிச்சயதார்த்தங்கள் அவசரமாக நடந்தன. ஒரு சரிவில் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியை எதிர்ச்சரிவில் இருந்தவர்கள் தெளிவாகப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் கருத்தும் சொன்னார்கள். மொத்தத்தில் மலையின் மேல் ஒருவரை ஒருவர் அளவுக்கு மீறிப் பார்த்துக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் பார்க்காததுபோல் இருக்கவும் பழகிக்கொண்டார்கள்.

கிழங்குக் காடுகளில் இலை ஒன்று கூடக் கருகவில்லை. சென்றாயன் தன் மேட்டுக்காட்டில் நின்றுகொண்டு, "தங்கச்சி, அடுத்த வருஷமும் நீயே மூடு" என்று கத்தினார். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்த்து ஊர் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்ததும் தனிஸ்லாஸ் டீக்கடைக்கு முன்னால் ஆட்களைக் கூட்டினார். அவருடைய லாட்ஜின் பெயர்ப் பலகையிலேயே மஞ்சு படமாக இருந்தது.

"மஞ்சு பாக்கத்தான ரூம் எடுக்குறாங்க?" என்றார். "வந்தவங்க பால்கனியில நின்னுக்கிட்டு, எப்ப வரும், எப்ப வரும்னு பஸ்ஸைக் கேக்குற மாதிரி கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? சட்டியில கிடக்குன்னா சொல்ல?"

"சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி பால்கனியில வையி" என்றாள் வீரசின்னம்மாள். "மூடியைத் தொட்டுப் பாக்க ஆளுக்கு ஒரு டிக்கெட்டு."

"நீங்க சும்மா இருங்க பெரியம்மா. அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க கைதான மூடுச்சு?"

பஞ்சவர்ணம் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு, "வேகலை" என்றாள்.

"பத்து நாளா வேகாத கெழங்கு ஒலகத்துல உண்டா?"

"ஒங்க லாட்ஜுச் சப்பாத்தி உண்டே" என்றார் மொக்கைச்சாமி. கூட்டம் சிரித்துக் கலைந்தது. சென்றாயன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முதல் கிழங்குக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு சட்டிக்குக் காவல் இருந்தார்கள். காவல் இருக்கிறவர்களுக்குப் பஞ்சவர்ணமே டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊற்றில் ஒரு குடம் நிரம்ப முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆவதை அவள் கவனித்திருந்தாள். சோலை மரங்கள் மஞ்சைக் குடித்துத்தான் ஊற்றுக்குச் சொட்டுகின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் சட்டியைப் பற்றிய பேச்சு வரும் என்பதால் சொல்லாமல், கருக்கலில் எழுந்து முதல் ஆளாகப் போய்க் குடத்தை வைத்தாள்.

தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் வானம் கண்ணாடிபோல் துடைத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் அவள் காட்டுக்குப் போனபோது புல் எல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக இருந்தது, மிதித்தால் நொறுங்கியது. வெயில் ஏறியது. பள்ளத்தோரமாக இருந்த ஐந்து பார்களின் செடிகள், கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் தொங்கின, நடுப்பகலுக்குள் கறுத்துப்போயின. உறைபனி. மஞ்சு இருக்கிற மலையில் உறைபனி கீழே இறங்காது. மஞ்சுதான் மண்ணுக்குப் போர்வை. இதுவும் கூனிப்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கருகலை நினைத்துக்கொண்டிருந்ததில் யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

மொக்கைச்சாமி வரப்பில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "இந்தா, மில்லுல வேலை செஞ்சா மழையில்லை, பனியில்லை. தலைக்கு மேல கூரை இருக்கும்" என்றார். அவர் கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை.

பஞ்சவர்ணம் வானத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் ஒரு துண்டு மேகம் இல்லை. பனி ஒரு ராத்திரிக்கு ஐந்து பார் என்று ஏறினால் அவளுக்கு எத்தனை ராத்திரி என்பதைக் கணக்குப் போட அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. சட்டியைத் திறந்தால் கருகல் வரலாம். வராமலும் இருக்கலாம். திறக்காவிட்டால் பனி வரும்.

"சட்டி திறக்கப்போறேன்" என்றாள். "போட்டவங்களைக் கூப்பிடுங்க."

பொழுது இறங்குவதற்குள் அவளையும் சேர்த்து எட்டுப் பேர் கூடினார்கள். தனிஸ்லாஸ் லாட்ஜில் தங்கியிருந்தவர்களையும் பின்னால் அழைத்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது ஆளான சென்றாயன் எல்லோருக்கும் முன்னாலேயே வந்திருந்தார். ஒரு கம்பளியை நான்காக மடித்து மூடியின் மேல் போட்டு, அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்கண்ணே" என்றாள் பஞ்சவர்ணம்.

"மாட்டேன் தங்கச்சி. ஒன் காடு பள்ளத்துல இருக்குறதுக்கு நான் என்ன பண்றது? என் காடு மேட்டுல இருக்கு. அங்க பனி விழாது. நீ இதைத் திறந்தா கருகல் வந்து மேயப்போறது என் செடியைத்தான். ரெண்டு வருஷம் நானும் ஒன்னை மாதிரி வெறுங்கையோட நின்னவன்."

"நியாயந்தான்" என்றார் பூசாரி.

"எது நியாயம்?" என்று சென்றாயனின் மனைவி பின்னாலிருந்து கேட்டாள். "அடுத்தவ வீட்டு அடுப்பு மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு நியாயம் பேசுறதா? எறங்குய்யா."

சென்றாயன் கையைக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னதில் பஞ்சவர்ணத்துக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் சீகை மர விறகில் எரிந்துகொண்டிருந்த நெருப்பிலிருந்து இடுக்கியால் ஒரு தணலை எடுத்துவந்து சட்டிக்கு அடியில் வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்று எடுத்துவந்தாள்.

"என்ன பண்ற?" என்றார் சென்றாயன்.

"சாப்பாட்டைச் சூடு பண்ணாமத் திறக்கக் கூடாதுல்லண்ணே" என்றாள் அவள், இன்னொரு தணலை வைத்தபடி. "அடியில போதும். மேல போடுறதுக்குத்தான் நீங்க எடம் விடல."

சென்றாயன் கொஞ்ச நேரம் தாங்கினார். முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தார், பிறகு கம்பளியிலிருந்து ஒரு தீய்ந்த நெடி வந்தது. "அண்ணன் வெந்துருச்சு, திறந்துரலாம்" என்றாள் வீரசின்னம்மாள். கூட்டம் சிரித்ததில் சென்றாயனும் தன்னை அறியாமல் வாயைத் திறந்தார், திறந்த வேகத்தில் எழுந்தும் விட்டார். எழுந்தவர் போகவில்லை, கிழங்கு போட்டவர் என்பதால் வட்டத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பஞ்சவர்ணம் மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்தாள். கொழுப்பும் மிளகும் பூண்டும் மொச்சையும் கிழங்குத் தோலும் சேர்ந்த வாசம் வந்தது. எப்போது வெந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வெந்துருச்சு" என்று சொல்லி மூடியைத் தூக்கினாள்.

மஞ்சு அவசரப்படவில்லை. முதலில் பால் பொங்குவதுபோல் விளிம்பு வரை வந்து நின்றது, பிறகு சட்டியின் தோளில் வழிந்து சாம்பலை மூடியது, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால் வரை ஏறியது, இடுப்பு வரை ஏறியது, அதற்குப் பிறகு அத்தனை நாளின் மஞ்சும் ஒரேயடியாக எழுந்து காட்டையும் மேட்டையும் கோயிலையும் டீக்கடையையும் பஸ்ஸின் ஆறாவது வளைவையும் சமவெளியில் இருந்த கண்மாயையும் மூடியது. சென்றாயனின் மனைவி "போச்சு" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. பால்கனிக்காரர்கள் எங்கோ கைதட்டினார்கள். தன் கை தனக்குத் தெரியாத வெள்ளை.

"இலையைத் தேடாதீங்க, கையை நீட்டுங்க" என்றாள் பஞ்சவர்ணம். அவள் தடவித் தடவிக் கைகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு கிழங்கையும் ஒரு கரண்டி மொச்சையையும் வைத்தாள். ஒன்பது கைக்குப் பிறகும் கைகள் வந்துகொண்டிருந்தன. கிழங்கு தொட்டதும் உடைந்தது, கொழுப்பில் ஊறி உள்வரை உப்புப் பிடித்திருந்தது. ஒரு கை வந்தபோது அவள் நிறுத்தினாள்.

"அண்ணே, இது ரெண்டாவது தடவை."

"எப்படித் தெரியும்?" என்றது சென்றாயனின் குரல்.

"பெருவிரல்ல மண்வெட்டித் தழும்பு இருக்கு."

"நல்லா இருக்கு தங்கச்சி, அதான்" என்றார். அவள் அவருக்கு இன்னொன்று வைத்தாள். நாற்பத்தொன்றும் தீர்ந்தன. கடைசிக் கிழங்கு யார் கையில் போனது என்று தெரியவில்லை, அது ஒரு குளிர்ந்த கை, அவளுக்கு அறிமுகமில்லாதது.

மூன்று நாள் மஞ்சு அசையவில்லை. உறைபனி விழவில்லை. டிரைவர் வேலைக்குத் திரும்பி ஹாரன் அடித்துக்கொண்டே நிம்மதியாக ஓட்டினார், பூசாரி கயிற்றிலிருந்த வேட்டியை அவிழ்த்துத் துவைத்து உடுத்திக்கொண்டார். செடி எப்படி இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மொக்கைச்சாமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கதவோரமாக வைத்தார், பஞ்சவர்ணம் அதிலிருந்து டீச் சட்டியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் மஞ்சு இடுப்பளவுக்கு இறங்கி, பிறகு கணுக்காலுக்கு இறங்கி, பார்களுக்கு நடுவில் ஓடைபோல் நகர்ந்தது. பஞ்சவர்ணம் பள்ளத்தோரத்திலிருந்து நடக்க ஆரம்பித்தாள். வரப்பில் சென்றாயன் நின்றிருந்தார்.

"என் காட்டுல மூணு பார் புள்ளி விழுந்துருச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஒனக்கு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை, எண்ணிக்கை தப்பிவிடும். பனியில் கறுத்தவை ஐந்து. ஆறாவதிலும் எட்டாவதிலும் இலைக்கு அடியில் கருகல் புள்ளி. அவற்றை அவள் வேரோடு பிடுங்கி வரப்போரம் குவித்தாள், குவித்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொடர்ந்து நடந்தாள். ஒவ்வொரு பாருக்கும் நின்று, குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, நிமிர்ந்தாள். கடைசிப் பாரின் முனைக்குப் போனபோது மொக்கைச்சாமியும் வந்து சென்றாயன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நம்பிக்கையில்லாமல் திரும்பவும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். அவர்களும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். வந்து வரப்பில் ஏறிச் சொன்னாள்:

"பதினஞ்சு."